‘போ’ என்றாலும் போகாத நாய்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் சங்கீத மாஸ்டருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கைதடி நவீல்ட் பாடசாலையில் பிரெய்ல் படித்து, பிறகு சங்கீதம் படித்து, முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாலை ஐந்து மணியானால் வெள்ளைப் பிரம்புடன் இறங்குவார். வைரவர் கோயிலடியில் ஒரு கும்பிடு, சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீ, பிறகு வீடு. போன கிழமை நான் படலையைச் சாத்திக்கொண்டு நின்றபோது, கொண்டிச் சத்தத்திலேயே என்னை அடையாளம் கண்டு நின்றார்.

“தம்பி, வெளிநாடுகளில் கண் தெரியாதவர்களை நாய் கூட்டிக்கொண்டு போகிறதாமே. வானொலியில் சொன்னார்கள். எங்கே போகவேண்டும் என்று அந்த நாய்க்கு யார் சொல்வது? சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாம் அதற்குத் தெரியுமா?”

கண் தெரிந்த நாங்கள் இப்படிக் கேட்பதில்லை. “எவ்வளவு புத்தியான நாய்!” என்று வியந்துவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுவோம். மாஸ்டரின் கேள்விகள் இரண்டும் விஷயத்தின் வேரைத் தொடுகின்றன.

எங்கே போவது என்று நாய்க்குச் சொல்வது கூட நடக்கும் மனிதர்தான். விளக்கின் நிறமும் நாய்க்குப் பிடிபடாது. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அதற்குக் கடினம். வாகனச் சத்தத்தைக் காதால் கேட்டு, ‘இப்போது கடக்கலாம்’ என்று முடிவெடுப்பதும் மனிதர்தான். அப்படியானால் நாய் என்னதான் செய்கிறது? சொன்ன திசையில் நேராகக் கொண்டுபோகிறது. இடையில் இருப்பவற்றில் முட்டாமல் விலக்குகிறது. படியோ பள்ளமோ வந்தால் நிற்கிறது. போகக்கூடாத இடத்தில் ‘போ’ என்றாலும் போகாமல் மறுக்கிறது. இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மனிதர்தான் வழியை அறிவார் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். மாஸ்டருடன் ஒருநாள் சந்திவரை நடந்தால் நம்பிவிடலாம். நான் நடந்தேன். எங்கள் படலையிலிருந்து சந்திக்கு நானூறு மீற்றர் இருக்கும். அவர் அதை மீற்றரில் அளப்பதில்லை. கிளுவை வேலி முடிந்து சீமெந்து மதில் தொடங்கும் இடத்தில் பிரம்பின் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வரும். அது முதல் அடையாளம். மதகில் ஏறியதும் தட்டும் ஒலி உள்ளே வெறுமையாக ஒலிக்கும், அது இரண்டாவது. மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லின் மணம் மூக்கில் ஏறினால் வலப்பக்கத்து மதில் முடியப்போகிறது என்று அர்த்தம். மதில் முடிந்து குறுக்கு ஒழுங்கை திறக்கும்போது கன்னத்தில் காற்றுப் படும். “இந்த இடத்தில் மாத்திரம் காற்றில் கொஞ்சம் உப்பு மணம் வரும். கவனித்தீரா?” என்றார். நாற்பது வருடமாக அந்த வழியால் போகிறேன். கவனித்ததில்லை.

இந்த வரைபடம் தலைக்குள் இருப்பவருக்குத்தான் வழிகாட்டி நாய் உதவும். ‘நேரே, வலம், இடம்’ என்று ஒவ்வொரு சந்தியிலும் சொல்லவேண்டியவர் அவர். அடிக்கடி போகும் கடையையும் பஸ் தரிப்பிடத்தையும் நாய் நாளடைவில் பழகிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் புதிய இடத்தில் அதற்கு எதுவும் தெரியாது. ஆகவேதான் பயிற்சிப் பள்ளிகள், நாய் கேட்டு விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே பிரம்புடன் தனியாக நடமாடப் பழகியவரா என்று முதலில் பார்க்கின்றன.

பிரம்புக்கும் நாய்க்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிரம்பு தட்டிச் சொல்லும். நாய் தட்டாமல் விலக்கும். மின்கம்பம் ஒன்று வழியில் நின்றால், பிரம்புடன் போகிறவருக்கு அது ‘டொக்’ என்று ஒரு சேதி. ‘சரி, கம்பம் வந்துவிட்டது, இனிப் பத்தடியில் கடை’ என்று கணக்குப் போடுவார். நாயுடன் போகிறவருக்கு அந்தக் கம்பம் உலகத்திலேயே இல்லை. நாய் அவரை வளைத்துக் கொண்டுபோய்விட்டது. வேகமாகவும் முட்டாமலும் நடக்கலாம். ஆனால் அடையாளங்களில் பாதி காணாமல் போகும். பிரம்பிலிருந்து நாய்க்கு மாறுகிறவர்கள் தெரிந்த வீதியிலேயே ஆரம்பத்தில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

கண் தெரியாதவருக்கு நாய் துணைபோவது பழைய வழக்கம். வியன்னாவில் பார்வையற்றோருக்கான பாடசாலையை நடத்திய ஜொஹான் வில்ஹெல்ம் க்ளைன், நாயின் உடலில் பட்டி கட்டி அதில் வளையாத தடியொன்றைப் பொருத்தவேண்டும் என்று 1819இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதை முறையான பயிற்சியாக மாற்றியது போர். முதலாம் உலகப் போரில் நச்சு வாயுவாலும் குண்டுகளாலும் கண் இழந்த ஜெர்மன் படையினருக்காக, 1916இல் ஒல்டன்பேர்க் நகரில் மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் முதலாவது பள்ளியைத் திறந்தார். போர் கண்ணைப் பறித்த கதையை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அங்கிருந்து அது உலகத்துக்குப் பரவிய விதம் ஒரு கடிதத்தால் நடந்தது. சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிவந்த டொரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஜெர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் இருந்த பள்ளியைப் பார்த்துவிட்டு 1927இல் ஓர் அமெரிக்க வார இதழில் கட்டுரை எழுதினார். அதை யாரோ வாசித்துக்காட்டக் கேட்ட மொரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர், ‘என்னைப் பழக்குங்கள், நான் இங்கே மற்றவர்களைப் பழக்குகிறேன்’ என்ற கருத்தில் அவருக்கு எழுதினார். ஒரு கண்ணை ஆறு வயதிலும் மற்றதைப் பதினாறு வயதில் குத்துச்சண்டையிலும் இழந்தவர் அவர். 1928இல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். அவருக்குக் கிடைத்த பெட்டை நாயின் பெயர் ‘கிஸ்’. நடுவீதியில் நின்று ‘முத்தமே, வா’ என்று கூப்பிட இருபது வயதுப் பையனுக்குக் கூச்சம் வராதா? ‘படி’ (Buddy) என்று மாற்றிவிட்டார். ஆங்கிலத்தில் நண்பன் என்று பொருள். நியூயோர்க்கில் கப்பலால் இறங்கியதும் செய்தியாளர்கள் அவரைச் சூழ்ந்து, வாகனம் மொய்க்கும் வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்துகாட்டச் சொன்னார்கள். கடந்தார். யூஸ்டிஸ் அம்மையாருக்கு அவர் அனுப்பிய தந்தியில் ஒரேயொரு சொல்தான் இருந்தது: ‘வெற்றி’. அடுத்த ஆண்டு, 1929இல், அமெரிக்காவின் முதலாவது பள்ளியான ‘த சீயிங் ஐ’ தொடங்கியது. பிரித்தானியாவில் 1931இல் முதல் நான்கு நாய்கள் பயிற்சி முடித்தன.

அந்த ‘படி’ ஓர் அல்சேஷன், அதாவது ஜெர்மன் ஷெப்பர்ட். இன்றைக்குப் பெரும்பாலும் லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், இரண்டும் கலந்தவை. எங்கள் ஊர் நாய் புத்தியில் இவற்றுக்குச் சளைத்ததல்ல. மீன் வியாபாரியின் சைக்கிள் மணியை அரை மைல் தூரத்தில் கண்டுபிடிக்கிற நாய்க்குப் புத்தி இல்லை என்று யார் சொல்வார்? ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது சாந்தம். அந்நியரைக் கண்டால் உறுமாத, வெடிச்சத்தத்துக்குப் பதறாத, மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதில் இன்பம் காணும் குணம். லாப்ரடோர் வேட்டைக்காரர் சுட்டு விழுத்திய பறவையை எடுத்துவருவதற்காக வளர்க்கப்பட்ட இனம்; துப்பாக்கிச் சத்தம் அதற்குப் பரம்பரைப் பழக்கம். சரியான சாப்பாட்டு இராமன் என்பது இன்னொரு வசதி. ஒரு சின்னத் தீன் துண்டுக்காக ஒரு பாடத்தை நூறு தடவை செய்யும். பெரிய பள்ளிகள் தாய் தந்தையரைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே குட்டி போடவைக்கின்றன. இடுப்பு மூட்டு, கண், சுபாவம் மூன்றையும் பார்த்துத்தான் அந்தத் தெரிவு நடக்கும்.

ஏழு, எட்டுக் கிழமையில் குட்டி தாயை விட்டுப் பிரிகிறது. நேரே பள்ளிக்குப் போவதில்லை. ஒரு குடும்பத்துக்குப் போகிறது. சம்பளமில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் அதை வளர்த்துக் கொடுப்பதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சாள் வீட்டில் அப்படி ஒரு கறுப்பு லாப்ரடோர் குட்டி வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் வருவார்கள். மேசையில் இடியப்பமும் சொதியும் இருக்கும். மேசைக்குக் கீழே குட்டி படுத்திருக்கும். சின்னவன் சிந்திய இடியப்பத் துண்டு ஒன்று அதன் முன்னங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கிடக்கும். குட்டி துண்டைப் பார்க்கும், மச்சாளைப் பார்க்கும், மறுபடி துண்டைப் பார்க்கும், வாயோரத்தில் நூலாக நீர் இறங்கும், எழும்பாது.

என் அம்மாவுக்குத் தாங்காது. “பாவம், வாயில்லாத சீவன். ஒரு வாய் போட்டால் என்ன பிள்ளை?”

“மாமி, இன்றைக்கு நான் ஒரு வாய் போட்டால் நாளைக்கு இது ஒரு கண் தெரியாத மனிதரைச் சாப்பாட்டுக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.”

இவ்வளவுதான் அந்த ஒரு வருடத்தின் பாடத்திட்டம் என்றுகூடச் சொல்லலாம். குட்டியை பஸ்ஸில் ஏற்று, ரயிலில் ஏற்று, சந்தைக்குக் கொண்டுபோ, சனக்கூட்டத்தில் படுக்கவை, தேவாலயத்துக்குக் கொண்டுபோ, மழையில் நடத்து. உலகத்தில் எதுவும் புதினமல்ல என்று அது நினைக்கவேண்டும். மலசலம் கழிப்பதற்கும் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லைச் சொன்னால், காட்டிய இடத்தில், அப்போதே வேலையை முடித்துவிடும். கண் தெரியாதவர் தேடித் துப்புரவாக்கத் தேவையில்லை. வேலைக்கு நடுவில் நாய் அதற்காக இழுக்கவும் மாட்டாது. அம்மா இதைக் கேட்டுவிட்டு, “எங்கள் வீட்டில் ஆம்பிளைகளுக்கே ஒரு சொல்லில் ஒன்றும் நடப்பதில்லை” என்றார்.

பதினான்காவது மாதத்தில் பள்ளியின் வாகனம் வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது. நாய் என்றால் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த அம்மா, அந்த ஞாயிறு வீடியோவில் மேசைக்குக் கீழே காட்டச் சொல்லிக் கேட்டு, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் முதலில் கற்றுக்கொடுப்பது நேராக நடக்க. கேட்கச் சுலபமாக இருக்கும். எந்த நாயையாவது கட்டவிழ்த்துவிட்டுப் பாருங்கள்: வேலியோரம் ஒரு மோப்பம், கம்பத்தடியில் ஒரு மோப்பம், எதிர்ப்பக்கம் ஓட்டம். நாய்க்கு உலகம் மூக்கால் ஆனது. எங்கள் பக்கத்தில் கண்ணிவெடி தேடிய நாய்களுக்கு அந்த மூக்குத்தான் மூலதனம். வழிகாட்டி நாய்க்கோ அதுவே பெரிய இடைஞ்சல். மூக்கை அடக்கிக் கண்ணால் வேலை செய்யப் பழகவேண்டும். உடம்பில் பட்டி பூட்டி, வளையாத கைப்பிடி பொருத்தியதும் ‘இது வேலை நேரம்’ என்று அதற்குத் தெரியும். கைப்பிடி வளையாமல் இருப்பதில் விஷயம் இருக்கிறது. கயிறு என்றால் இழுப்பது மட்டும்தான் தெரியும். இறுகிய பிடி என்றால் நாயின் தோள் இடப்பக்கம் சரிவதும், நடை மெதுவாவதும், நிற்பதும் அந்தக் கணமே உள்ளங்கைக்கு வந்துவிடும்.

அடுத்தது, நிற்பது. நடைபாதை முடிந்து வீதி தொடங்கும் விளிம்பிலும் படிக்கட்டிலும் நாய் நிற்கவேண்டும். மனிதர் காலால் விளிம்பைத் தடவி உறுதி செய்து, நாயைப் பாராட்டி, காதால் வீதியைக் கேட்டு, பிறகுதான் ‘போ’ என்பார்.

பிறகு வருகிறது உடம்பின் கணக்கு. நாய் வழக்கமாக மனிதரின் இடப்பக்கத்தில் நடக்கும். தன் உடம்பு மட்டும் நுழையும் இடைவெளி போதாது, வலப்பக்கத்தில் இன்னோர் ஆள் இருக்கிறார் என்று அது எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கவேண்டும். அகலமாவது பரவாயில்லை; உயரம்தான் பெரும்பாடு. மனிதரின் நெற்றி உயரத்தில் தொங்கும் கிளை நாய்க்கு ஒரு தடையே அல்ல. குனியாமலே கீழால் போய்விடும். ஆகவே பயிற்றுநர் தாமே அந்தக் கிளையில் முட்டிக்கொள்வார். கிளையைக் கையால் அடித்துச் சத்தமெழுப்பி, நாயைப் பின்னுக்குக் கூட்டிவந்து, மறுபடியும் அதே இடத்தால் நடப்பார். நாய் விலத்திப் போனால் தீன். இப்படிப் பத்து, இருபது தடவை. மாஸ்டரின் இடப்புருவத்துக்கு மேலே அரை அங்குலத் தழும்பு ஒன்று இருக்கிறது. வீதியோரம் நின்ற லொறியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பனந்தீராந்தி தந்தது. “பிரம்பு நிலத்தைத்தான் பார்க்கும் தம்பி, நெற்றியைப் பார்க்காது” என்றார், நான் இந்தப் பாடத்தை விளக்கியபோது.

இப்போது அந்த மறுப்புக்கு வருவோம். பல மாதமாக ‘போ’ என்றால் போகவும் ‘நில்’ என்றால் நிற்கவும் பழக்கிய அதே பயிற்றுநர், ஒருநாள் வேண்டுமென்றே பிழையான கட்டளை கொடுக்கிறார். வீதி விளிம்பில் நின்று, சக பயிற்றுநர் ஒருவர் கார் ஓட்டி வரும்போது ‘போ’ என்கிறார். நாய் சொற்படி காலெடுத்து வைக்கிறது. கார் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது. பயிற்றுநர் நாயுடன் சட்டென்று பின்வாங்குகிறார். மறுபடியும் அதே இடம், அதே ‘போ’, அதே கார். சில தடவைக்குப் பிறகு நாய் கட்டளையைக் கேட்டும் அசையாமல் நிற்கிறது. அப்போது அதற்குக் கிடைக்கும் பாராட்டு, கீழ்ப்படிந்தபோது கிடைத்ததைவிடப் பெரியது. இதையே ரயில் மேடையின் விளிம்பிலும், வெட்டிப் போட்ட குழியின் முன்னும், சத்தமில்லாமல் வரும் மின்சாரக் காரின் முன்னும் பழக்குகிறார்கள். குழியாக இருந்தால் நாய் குறுக்கே நின்று வழியை மறிப்பதும் உண்டு.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காரணமில்லாமல் மறுக்கும் நாய் ஒன்றுக்கும் உதவாது. ஒன்றையும் மறுக்காத நாய் ஆளைக் கொன்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த நூலிழையை நாய் தானாகப் பார்த்து நடக்கவேண்டும். அதேயளவு கஷ்டம் மனிதருக்கும் உண்டு: நாய் நின்றுவிட்டால், ஏன் என்று தெரியாமலே அதை நம்பவேண்டும். இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது மாஸ்டர் பிரம்பை நிலத்தில் ஊன்றி நின்றார். “மிருதங்கக்காரர் மாதிரி” என்றார். “பாடுகிறவர் போகும் வழியில்தான் போகவேண்டும். ஆனால் பாடுகிறவர் தாளம் விட்டால் அவரோடு சேர்ந்து தானும் விழக்கூடாது.” இந்த விஷயத்தைப் பற்றி நான் வாசித்த எதிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

யார் வழிநடத்துகிறார், யார் பார்க்கிறார் என்ற பங்கீடு உச்சமாகத் தெரிந்த ஒரு சம்பவம் 2001 செப்டெம்பர் 11. நியூயோர்க் இரட்டைக் கோபுரத்தின் 78ஆம் மாடியில் வேலை செய்த மைக்கல் ஹிங்சன் என்ற பார்வையற்றவரின் மேசைக்குக் கீழே அவருடைய வழிகாட்டி நாய், ரோசெல் என்ற மஞ்சள் லாப்ரடோர், படுத்திருந்தது. விமானம் மோதியபோது கட்டடம் சரிந்து ஆடியது. சுற்றியிருந்தவர்கள் பதறினார்கள். நாய் பதறாமல் இருப்பதைக் கவனித்த ஹிங்சன், ‘அப்படியானால் எங்கள் பக்கத்தில் உடனடி ஆபத்து இல்லை’ என்று கணித்து, ஒழுங்காக வெளியேறத் தீர்மானித்தார். படிக்கட்டு எங்கே என்று அவருக்குத் தெரியும். படிக்கட்டில் என்ன கிடக்கிறது என்று நாய்க்குத் தெரியும். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கி இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த ரோசெல்லுக்கு இடி என்றால் பயம். முதல்நாள் இரவு இடி மழையில் நடுங்கிக்கொண்டு கிடந்த நாய் அது.

கட்டளைச் சொற்களைப் பற்றி ஒரு சின்ன விலகல். ஜப்பானில் வழிகாட்டி நாய்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால்தான் கட்டளை கொடுக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் ஆண் பேசும் விதமும் பெண் பேசும் விதமும் வேறு, ஊருக்கு ஊர் வழக்கும் வேறு; நாய் குழம்பும். எங்களை நினைத்துப் பார்த்தேன். ‘இரு’, ‘இரடா’, ‘இரும்’, ‘இருங்கோ’ என்று ஒரே வேலைக்கு எத்தனை படி மரியாதை! மாஸ்டர் பூனைக்குக்கூட ‘தள்ளி இரும்’ என்றுதான் சொல்வார். தமிழில் பழக்குவதானால் முதலில் யாராவது உட்கார்ந்து ஓர் அகராதி போடவேண்டும்.

நாலைந்து மாதமோ அதற்கு மேலோ பழகிய நாயை, பயிற்றுநர் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்திப் பார்ப்பார். பின்னால் இன்னொருவர் காவலுக்கு வருவார். தேறினால் ஆள் பொருத்தம் பார்க்கும் படலம். சாதகம் பார்ப்பதைவிட நுணுக்கமானது. ஆளின் நடை வேகம், கையின் பலம், அவர் வாழ்வது நகரமா கிராமமா, வீட்டில் சிறுபிள்ளைகள் உண்டா, தினமும் எவ்வளவு தூரம் நடப்பார் எல்லாம் பார்க்கிறார்கள். மெதுவாக நடக்கும் முதியவருக்கு விறுவிறுவென்று இழுக்கும் நாயைக் கொடுத்தால் இருவருக்கும் தண்டனை. பொருத்தம் சரியானால் இரண்டு முதல் நான்கு கிழமை இருவரும் சேர்ந்து பயிற்சி. முதல் சில நாள் நாய் பழைய பயிற்றுநரின் குரல் வரும் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் வேண்டுமென்றே ஒதுங்கிவிடுவார். சாப்பாடு, தண்ணீர், உரோமம் வாருதல் எல்லாம் புதியவர் கையால்தான். ஒருநாள் நாய் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

எல்லாக் குட்டியும் தேறுவதில்லை. மூன்றில் ஒன்று முதல் பாதி வரை இடையில் கழிபடும். ஒன்று பூனையைக் கண்டால் தன்னை மறக்கும், ஒன்று கூட்டத்துக்குப் பயப்படும், ஒன்றுக்குத் தோல் ஒவ்வாமை. கழிபட்டவை மோப்ப வேலைக்கோ, வேறு இயலாமை உள்ளவர்களுக்குத் துணையாகவோ, வீட்டுச் செல்லமாகவோ போகும். தேறியவை ஏறக்குறைய இரண்டு வயதில் வேலை தொடங்கி, எட்டு முதல் பத்து வயதுக்குள் ஓய்வு பெறும். பிறகு அதே வீட்டில் இருக்கலாம், வளர்த்த குடும்பத்திடம் திரும்பலாம், வேறு யாராவது எடுக்கலாம். மனிதர் மறுபடி விண்ணப்பித்து இரண்டாவது நாயுடன் பழகத் தொடங்குவார். மொரிஸ் ஃபிராங்க் தமக்குப் பின்னர் வாய்த்த நாய்களுக்கும் ‘படி’ என்றே பெயர் வைத்தார்.

ஒரு நாயை உருவாக்கப் பல பத்தாயிரம் டாலர் ஆகிறது. அதைப் பார்வையற்றவர் கட்டுவதில்லை, நன்கொடைதான் தாங்குகிறது. ‘த சீயிங் ஐ’ பள்ளி முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலர், முன்னாள் படையினருக்கு ஒரு டாலர் என்று வாங்கிவருகிறது. இலவசமாகவே கொடுக்கலாமே என்று தோன்றும். தர்மமாக வாங்கவில்லை, விலை கொடுத்து வாங்கினேன் என்று ஒருவர் சொல்லிக்கொள்வதற்கான பணம் அது. எனக்கு அந்த ஒரு டாலர் பிடித்திருக்கிறது.

வெளிநாடு போகும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பட்டி பூட்டிய நாயைத் தடவாதீர்கள், கூப்பிடாதீர்கள், தீன் காட்டாதீர்கள். அதன் கவனம் ஒரு விநாடி சிதறினால் விலை கொடுப்பவர் அந்த மனிதர். உதவ நினைத்தால் மனிதரிடம் பேசுங்கள். இது பிரம்புக்கும் பொருந்தும். மாஸ்டரின் கையைப் பிடித்து, கேட்காமலே வீதிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர் கடக்கவே நினைக்கவில்லை, ஓட்டோவுக்காக நின்றிருந்தார்.

யாழ்ப்பாணத்து வீதியில் வழிகாட்டி நாய் ஒன்றை நான் ஒருநாளும் கண்டதில்லை. வந்தால் என்னவாகும் என்று மாஸ்டரும் நானும் பிளேன்ரீக் கடையில் இருந்து யோசித்தோம். நடைபாதை இல்லாத வீதியில் ஓரத்தைப் பிடித்து நடக்கவும், நிறுத்திய வாகனத்தைச் சுற்றி மறுபடி ஓரத்துக்கு வரவும் பழக்கமுடியும். வெளிநாட்டுக் கிராமங்களில் செய்கிறார்கள். மூடியில்லாத வாய்க்காலையும் பழக்கலாம். பங்குனி, சித்திரை மத்தியானத் தார்வீதி உள்ளங்காலைச் சுட்டுவிடும். காலையும் மாலையும்தான் நடக்கவேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக கட்டாக்காலி நாய்கள். ஒவ்வோர் ஒழுங்கையும் ஒரு கூட்டத்தின் ஆட்சியில் இருக்கிறது. அந்நிய நாய் எல்லை தாண்டினால் நாலு பக்கத்தாலும் பாயும். ஒரேயொரு கடியால் பயந்துபோய் வேலைக்கு உதவாமல் போன வழிகாட்டி நாய்கள் உலகத்தில் உண்டு. விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்காக நடக்கும் ஊரில்தான் இந்த நாயால் நிம்மதியாக நடக்கமுடியும்.

“கோயிலுக்குள் விடுவார்களா?” என்று கேட்டார் மாஸ்டர். வைரவருக்கு நாய்தான் வாகனம். வடைமாலை சாத்தி அவரைக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து வாகனத்தின் இனத்தவருக்குக் கல்லெடுக்கிற ஊர் இது. கடைக்காரரிடம் கேட்டோம். “வைரவர் விடுவார், தர்மகர்த்தா விடமாட்டார்” என்றார்.

“ஒன்று கிடைத்தால் எடுப்பீர்களா ஐயா?” என்று கேட்டேன்.

மாஸ்டர் கோப்பையை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தார். “அந்த நெற்றி உயரக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தம்பி, நான் சைவம். நாய்க்கு மீன் தலை யார் அவிப்பது?”

அவற்றுக்குப் பையில் விற்கும் உலர்ந்த தீன்தான் கொடுப்பார்கள் என்றேன்.

“அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒருக்கால் வாசியும், பார்ப்போம்.”

தொலைபேசியில் தேடி எடுத்து வாசித்தேன். முதலாவது பொருள் கோழி.